ஏ.சி. ஓடுகிறது, வீடு மட்டும் இதமாக இல்லை: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

தென்னாப்பிரிக்காவில் தமிழர் வீடுகள் ஒரே வானிலையில் இல்லை. டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட், வெருலம் பக்கம் கடலோர ஈரம். தைப்பூசக் காவடி நாட்களில் வெளியே 30 டிகிரிதான் இருக்கும், ஆனால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஜோகன்னஸ்பர்க் மேட்டு நிலத்திலுள்ள லெனேசியாவில் காற்று வறண்டது. ஆடி மாதம் கூழ் ஊற்றும் நாட்களில் விடியற்காலைக் குளிர் உறைநிலையை நெருங்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பள்ளத்தாக்கில் கோடை வெக்கையும் உண்டு, குளிர்காலப் பனியும் உண்டு. ஒரே யூனிட்டை வாங்கி மூன்று ஊரிலும் ஒரே மாதிரி மாட்டினால் மூன்று விதமான புகார் வரும்.

எந்தப் புகாரானாலும் முதலில் காதில் விழும் பதில் ஒன்றுதான்: "காஸ் குறைஞ்சிருக்கும், போட்டுவிடலாம்." ஏ.சி.யில் உள்ள காஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் திரும்பத் திரும்பச் சுற்றிவருவது அது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அதைவிட முக்கியம், பெரும்பாலான வீடுகளில் கோளாறு காஸில் இருப்பதே இல்லை; காற்றோட்டத்திலோ, கூரையிலோ, யூனிட்டின் தவறான அளவிலோ இருக்கும். ஆகவே கீழே எல்லா அறிகுறிக்கும் ஒரே வரிசை: முதலில் அளந்து பார்ப்பது, பிறகு காற்று, பிறகு வீடு, கடைசியில்தான் காஸ்.

முதலில் அளந்து பாருங்கள்

முனையில் கம்பி உள்ள சமையலறைத் தெர்மாமீட்டர் இரண்டு, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று, டிஷ்யூ பேப்பர், டார்ச். இவ்வளவு போதும். இரண்டு தெர்மாமீட்டரையும் முதலில் ஒரே தம்ளர் தண்ணீரில் வைத்து ஒரே எண் காட்டுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் இருந்தால் குறித்து வைத்துக் கழித்துக்கொள்ளலாம்.

சன்னல் கதவை மூடி, ரிமோட்டில் கூல், ஃபேன் அதிக வேகம், 17 டிகிரி வைத்து 20 நிமிடம் ஓடவிடுங்கள். 17 வைப்பது சோதனைக்கு மட்டும். இன்வர்ட்டர் யூனிட் அறை குளிர்ந்ததும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போது அளந்தால் ஏமாந்துவிடுவோம். பிறகு இன்டோர் யூனிட்டின் மேல்பக்கம் காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு தெர்மாமீட்டர், கீழே குளிர் காற்று வெளிவரும் வாயில் இன்னொன்று. ஐந்து நிமிடம் கழித்து இரண்டையும் படியுங்கள்.

கடலோரத்தில் வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் யூனிட் தன் வேலையைச் செய்கிறது. லெனேசியாவில் 10 முதல் 14 வரை வரும். டர்பனில் எண் குறைவாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம்: அங்கே யூனிட்டின் திறனில் ஒரு பங்கு காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்குவதிலேயே போய்விடுகிறது. மேட்டு நிலத்தில் எண் கூடுவதற்கும் காரணம் உண்டு. ஜோகன்னஸ்பர்க் பக்கம் காற்று கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு லேசானது. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் காயிலை (யூனிட்டுக்குள் குளிரும் குழாய்ச் சுருள்) தாண்டும் காற்றின் எடை குறைவு, ஆகவே கிலோவுக்குக் கிலோ அதிகமாகக் குளிர்கிறது. மொத்தத் திறன் கொஞ்சம் குறையும். டர்பனில் சரியாகப் போதும் யூனிட், மேலே போனால் சற்றுத் தடுமாறும்.

வித்தியாசம் சரியாக இருந்தும் அறை குளிரவில்லை என்றால் யூனிட்டைத் தொடாதீர்கள். வீடுதான் வெப்பத்தை உள்ளே இழுக்கிறது. வித்தியாசம் 6 டிகிரிக்கும் கீழே என்றால் அவுட்டோர் யூனிட், காயில், காஸ் பக்கம் பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் காற்று போதவில்லை, முதலில் ஃபில்ட்டரைக் கழற்றுங்கள்.

"குளிருது, ஆனாலும் நசநசன்னு இருக்கு"

டர்பன் பக்கம் அதிகம் கேட்கும் புகார் இது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். ரிமோட் 22 காட்டும். மெத்தை விரிப்பைத் தொட்டால் ஈரம். டப்பாவைத் திறந்து வைத்த அப்பளம் அரை மணியில் நமுத்துப்போகும். மீட்டரில் ஈரப்பதம் 65, 70 சதவீதம்.

ஏ.சி.க்கு இரண்டு வேலை: காற்றைக் குளிர்விப்பது, காற்றிலுள்ள ஈரத்தை இறக்குவது. கம்ப்ரஸர் கிளம்பியதும் காயில் குளிர்கிறது, அதன் மேல் பனித்துளிபோல் நீர் படிகிறது. முதல் சில நிமிடங்கள் அந்த நீர் காயிலிலேயே ஒட்டியிருக்கும். காயில் முழுக்க நனைந்த பிறகுதான் சொட்டி டிரெயின் பைப் வழியாக வெளியே போகும். யூனிட் அறைக்குப் பெரிதாக இருந்தால் ஆறேழு நிமிடத்தில் வெப்பநிலை எட்டிவிடும், கம்ப்ரஸர் நிற்கும். ஃபேன் மட்டும் சுற்றும். காயிலில் இருந்த நீர் ஆவியாகி மறுபடி அறைக்கே வந்துவிடும். "பெருசா வாங்கினா சீக்கிரம் குளிரும்" என்று 12 சதுர மீட்டர் படுக்கையறைக்கு 18,000 பி.டி.யூ. (குளிர்விக்கும் திறனின் அளவு) யூனிட்டை மாட்டுகிறவர்கள் காசு கொடுத்து இந்த நசநசப்பை வாங்குகிறார்கள்.

சோதிக்க ஒரு பாட்டில் போதும். புழுக்கமான மாலையில் டிரெயின் பைப்பின் அடியில் பாட்டிலை வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். 12,000 பி.டி.யூ. யூனிட் நிற்காமல் ஓடினால் ஒரு லிட்டருக்கு மேலும் வரக்கூடும். கால் பாட்டில்கூட நிறையவில்லை, அந்த ஒரு மணியில் கம்ப்ரஸர் ஆறு தடவைக்கு மேல் நின்று கிளம்பியது என்றால் யூனிட் பெரிது. கம்ப்ரஸர் ஓடுவதை அவுட்டோர் யூனிட் பக்கத்தில் நின்று சத்தத்தை வைத்தே எண்ணிவிடலாம்.

பெரிய யூனிட் ஏற்கனவே மாட்டியாகிவிட்டது என்றால், ஃபேனை எப்போதும் அதிக வேகத்தில் வைக்காமல் ஆட்டோ அல்லது குறைந்த வேகத்துக்கு மாற்றுங்கள். மெல்லப் போகும் காற்று காயிலில் அதிக ஈரத்தை விட்டுப்போகும். இரவில் வெளியே 22, 23 டிகிரிதான் இருந்து ஈரம் மட்டும் தொந்தரவு செய்தால் டிரை மோடு அதற்குத்தான் இருக்கிறது. ரிமோட்டை 18-க்கு இறக்குவது தீர்வாகாது. அப்படிச் செய்தால் அறை குளிரும், ஆனால் ஈரம் போகாது, போர்வை தேடுவீர்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு: வெளியே 30 டிகிரி, 70 சதவீத ஈரம் என்றால் அந்தக் காற்று 24 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பில் பட்டாலும் நீராகும். 18 டிகிரியில் குளிர்ந்த அறைச் சன்னலைக் காலையில் திறந்தால் தரையோடு வியர்ப்பது இதனால்தான். அலமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிப்பதும் இதனால்தான்.

பிறகு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனை நாள் முழுக்க ஓடவிடும் வீடுகள் உண்டு. விநாடிக்கு 25 லிட்டர் இழுக்கும் சின்ன ஃபேன் வெளியே தள்ளும் அளவுக்குக் காற்று வேறு இடுக்குகள் வழியாக உள்ளே வரும். மேலே சொன்ன வானிலையில் அந்தக் காற்று ஒரு மணி நேரத்துக்கு முக்கால் லிட்டருக்கும் மேல் தண்ணீரைக் கொண்டுவருகிறது, ஏ.சி. அதையும் சேர்த்து இறக்க வேண்டும். குளித்த பிறகு 15, 20 நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். துவைத்த துணியை அறைக்குள் காயப்போட்டால் ஒரு மெஷின் துணியிலிருந்து இரண்டு லிட்டர் வரை ஈரம் காற்றில் சேரும். சாதம் வடிக்கும்போதும் குழம்பு கொதிக்கும்போதும் சமையலறைக் கதவை மூடி, அங்குள்ள ஃபேனைப் போடுங்கள்.

புது யூனிட் வாங்கும் நாள் வந்தால் பெட்டியில் அச்சிட்ட பி.டி.யூ.வை மட்டும் பார்க்காதீர்கள். இன்வர்ட்டர் யூனிட்டின் விவரத் தாளில் குறைந்தபட்சத் திறன் என்று ஒரு வரி இருக்கும். ஒரே 12,000 பி.டி.யூ.வில் ஒன்று 0.9 கிலோவாட் வரை இறங்கும், இன்னொன்று 1.5-க்குக் கீழே போகாது. ஈரமான ஊருக்கு முதலாவதே சரி. மெதுவாக, நிற்காமல் ஓடி ஈரத்தை இறக்கிக்கொண்டே இருக்கும்.

"காலையில் நல்லா இருக்கு, மூணு மணிக்குக் குளிரவே இல்லை"

மேலே சொன்ன அளவை மூன்று மணிக்கே எடுங்கள். வித்தியாசம் 8-க்கு மேல் வந்தால் யூனிட்டில் குறை இல்லை. ஒரு அறையை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்: 4 மீட்டருக்கு 4 மீட்டர், மேற்குச் சுவரில் 1.5 மீட்டருக்கு 1.2 மீட்டர் சன்னல், மேலே ஷீட் கூரை, ஜிப்சம் போர்டு சீலிங், சீலிங்குக்கு மேலே ஒன்றும் விரிக்கவில்லை.

கோடை மதியம் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே காற்று 50 டிகிரிக்கு ஏறும். அறை 24 என்றால் சீலிங் வழியாக மட்டும் ஏறத்தாழ 1,150 வாட் வெப்பம் கீழே இறங்கும். மேற்குச் சன்னல் வழியாக வெயில் 800 முதல் 1,000 வாட். செங்கல் சுவர்கள் 400. இரண்டு பேர் இருந்தால் 250. இடுக்குகளில் நுழையும் ஈரக் காற்று 500 சொச்சம். கூட்டினால் 3,200 வாட். 12,000 பி.டி.யூ. என்பது 3,500 வாட். மூச்சு முட்ட ஓடித்தான் சமாளிக்கும். கொஞ்சம் தூசி படிந்தாலே தோற்றுப்போகும்.

அதே சீலிங்கின் மேல் 100 மி.மீ. கிளாஸ் வுல் (கண்ணாடி இழைப் பஞ்சு) விரித்தால் 1,150 வாட் 150-க்கு இறங்கிவிடும். ஒரு 12,000 பி.டி.யூ. யூனிட்டின் வேலையில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் அதிலேயே தீர்ந்தது. சன்னலுக்கு வெளியே நிழல் கொடுத்தால் இன்னொரு 600 வாட் போகும். மிச்சம் ஏறத்தாழ 1,600 வாட், 9,000 பி.டி.யூ. யூனிட் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளும். பெரிய ஏ.சி. வாங்க எடுத்து வைத்த பணத்தில் முதலில் சீலிங்கைப் பாருங்கள் என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

விரிக்கும்போது இடைவெளி விடக்கூடாது. ஐந்து சதவீதம் விட்டுப்போனால்கூடப் பலன் அதைவிட அதிகமாகக் குறையும். சீலிங்கில் பதித்த டவுன்லைட் மேல் நேராகப் போர்த்தக்கூடாது, சூடேறித் தீப்பிடிக்கலாம். விளக்குக்கு உரிய மூடி வாங்கி வைத்துப் பிறகு விரியுங்கள். கட்டடங்களின் எரிசக்திச் சிக்கனத்துக்கான தென்னாப்பிரிக்க சான்ஸ் 10400-எக்ஸ்.ஏ. தரவிதியின் 2011 பதிப்பு கூரை முழுவதற்கும் சேர்த்து டர்பன் மண்டலத்துக்கு 2.7, ஜோகன்னஸ்பர்க் மண்டலத்துக்கு 3.7 என்று வெப்பத் தடை (ஆர் மதிப்பு) கேட்டது. கடலோரத்துக்கு 100 மி.மீ., மேட்டுக்கு 135 மி.மீ.க்குக் குறையாமல் போட வேண்டும் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. சாட்ஸ்வர்த் போன்ற பழைய குடியிருப்புகளில் இன்னும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகள் நிறைய உண்டு. அந்த ஷீட்டில் துளை போடுவது, அறுப்பது, சுரண்டுவது, பிரஷர் வாஷரில் கழுவுவது எதையும் செய்யாதீர்கள். ஏ.சி. பைப்பைக் கூரை வழியாகக் கொண்டுபோகிறேன் என்று யாராவது டிரில்லை எடுத்தால் நிறுத்துங்கள்; சுவர் வழியாகக் கொண்டுபோகலாம். சீலிங்குக்கு மேலே பழைய ஷீட்டின் தூளும் உடைசலும் கிடந்தால் உள்ளே ஏற வேண்டாம். அதை அகற்றுவது 2020-ஆம் ஆண்டின் ஆஸ்பெஸ்டாஸ் ஒழுங்குவிதிகளின்படி பதிவுபெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை.

தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் திசையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். இங்கே சூரியன் வடக்குப் பக்கம். தெற்கிலிருந்து வரும் காற்றுதான் டர்பனுக்கு மழையும் குளிரும் கொண்டுவருகிறது. தென்றலை நம்பித் தெற்கே பெரிய சன்னல் வைத்தால் ஆடியில் நடுங்குவீர்கள். வடக்குச் சன்னல் நல்லது: டர்பனில் ஜூன் நடுப்பகல் சூரியன் 37 டிகிரி உயரம்தான், டிசம்பரில் 83 டிகிரிக்கு மேல். சன்னலுக்கு மேலே 60 செ.மீ. சன்ஷேடு இருந்தால் டிசம்பர் நடுப்பகலில் சன்னல் முழுக்க நிழல். ஜூனில் அதே சன்ஷேடு 45 செ.மீ. மட்டுமே மறைக்கும், வெயில் அறைக்குள் வந்து விழும். மேற்குச் சன்னலுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே சூரியன் தாழ்ந்து நேராக வருவதால் சன்ஷேடு பயன்படாது. வெளியே தொங்கும் தட்டியோ, ஷட்டரோ, மரமோதான் வேண்டும். உள்ளே போடும் திரை பாதிப் பலன்கூடத் தராது. வெயில் கண்ணாடியைத் தாண்டி ஏற்கனவே உள்ளே வந்துவிட்டது.

அளவில் வித்தியாசம் 6-க்கும் கீழே என்றால் அவுட்டோர் யூனிட்டைப் போய்ப் பாருங்கள். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவிலுள்ள முடுக்கில் மாட்டியிருந்தால் அது தள்ளும் சூடான காற்றைத் தானே திரும்ப இழுக்கும். யூனிட்டுக்குப் பின்னால் காற்று நுழையும் இடத்தில் தெர்மாமீட்டரை வையுங்கள். அதே நேரம் வெளி நிழலில் உள்ள வெப்பத்தைவிட 4, 5 டிகிரி கூடுதல் என்றால் இடம்தான் குற்றவாளி. பின்னால் 15 செ.மீ., முன்னால் 60 செ.மீ.க்குக் குறையாமல் வெளி வேண்டும். கடலுக்கு அருகே உப்புக் காற்று அலுமினியத் தகடுகளைத் தின்றுவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐசொலேட்டரை (ஏ.சி.க்கு மட்டும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்துவிட்டு, தோட்டக் குழாயில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள்.

"உள்ளே தண்ணீர் சொட்டுது"

பத்தில் ஒன்பது டிரெயின் பைப்தான். உள்ளே பாசிபோல் வழவழப்பு கட்டிக்கொள்ளும். வெளி முனையில் ஈரத்தை உறிஞ்சும் வாக்குவம் கிளீனரை வைத்துத் துணியால் இறுக்கி ஒரு நிமிடம் இழுங்கள், பெரும்பாலும் கட்டி வந்துவிடும். வராவிட்டால் சரிவைப் பாருங்கள்: மீட்டருக்கு ஒரு செ.மீ.யாவது இறங்க வேண்டும், நடுவே வயிறு தொங்கக்கூடாது, முனை வாளித் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கக்கூடாது. யூனிட்டே ஒரு பக்கம் சாய்ந்து மாட்டப்பட்டிருந்தாலும் இதே கதைதான். பைப் சுத்தமாக இருந்தும் சுவருக்குள் ஈரம் பரவினால், காப்பர் பைப்பைச் சுற்றிய ரப்பர் உறை கிழிந்து பைப் வியர்க்கிறது. வெயில் படும் பகுதியில் உறை சில ஆண்டுகளில் பொடிந்துவிடும். புது உறை போட்டு மேலே வெள்ளை டேப் சுற்றுங்கள்.

"பைப்பில் ஐஸ் பிடிச்சிருக்கு"

உடனே ஏ.சி.யை நிறுத்தி, ஃபேன் மட்டும் ஒன்று இரண்டு மணி நேரம் ஓடவிட்டு ஐஸ் முழுக்க உருகட்டும். கத்தியால் சுரண்டினால் காயில் துளையாகும். ஃபில்ட்டரைக் கழுவுங்கள். டார்ச் அடித்து உள்ளேயிருக்கும் உருளை ஃபேனைப் பாருங்கள்: அதன் இதழ்களில் தூசி கம்பளிபோல் அப்பியிருந்தால் காற்று பாதியாகிவிடும். சுத்தம் செய்து மறுபடி ஓட்டும்போது இரண்டு காப்பர் பைப்புகளில் மெல்லியதில் மட்டும் ஐஸ் படிந்தால் அப்போதுதான் காஸ் கசிவைச் சந்தேகிக்கலாம்.

"ஹால் ஜில்லுன்னு இருக்கு, படுக்கையறை புழுங்குது"

ஹாலில் 24,000 பி.டி.யூ. மாட்டி, கதவைத் திறந்து வைத்தால் மூன்று படுக்கையறைக்கும் குளிர் போய்விடும் என்று நம்பிச் செய்வது இது. போகாது. கதவு மூடியிருக்கும்போது அடியில் 2 செ.மீ. இடுக்கு இருந்தால்கூட அதன் வழியாக விநாடிக்கு சுமார் 20 லிட்டர் காற்றுதான் நகரும். ஒரு படுக்கையறை யூனிட் தானே விநாடிக்கு 150 லிட்டர் அளவுக்குச் சுற்றவிடும். கதவைத் திறந்து வைத்தாலும் ஹாலுக்கும் அறைக்கும் மூன்று நான்கு டிகிரி வித்தியாசம் தங்கும். ஒவ்வொரு படுக்கையறைக்கும் 9,000 பி.டி.யூ. இன்வர்ட்டர் ஒன்று, ஹாலில் அளவான ஒன்று என்பதே சரியான வடிவமைப்பு. ஒரே பெரிய யூனிட்டைவிட மாதக் கட்டணமும் குறையும், ஆள் இல்லாத அறையை அணைத்துவிடலாம்.

சீலிங்குக்கு மேலே டக்ட் (அறைகளுக்குக் குளிர் காற்றைக் கொண்டுபோகும் பெரிய குழாய்) போட்ட வீடுகளில் இதே புகார் வந்தால், அறைக் கதவை மூடி அடியில் டிஷ்யூ துண்டைப் பிடியுங்கள். வெளிப்பக்கம் வேகமாகப் பறந்தால் அறைக்குள் வந்த காற்றுக்குத் திரும்பிப் போக வழியில்லை. கதவுக்கு மேலே ஒரு கிரில் வைத்தால் தீரும். அதன் பிறகும் ஒரு அறை மட்டும் சரியாகவில்லை என்றால் மேலே ஏறி அந்த அறைக்குப் போகும் டக்ட் மூட்டைப் பாருங்கள். கழன்று, 50 டிகிரி கூரையடியைக் குளிர்வித்துக்கொண்டிருக்கும்.

"தலைக்கு மேலே சூடு, காலெல்லாம் குளிருது"

லெனேசியா, பீட்டர்மாரிட்ஸ்பர்க் குளிர்காலப் புகார். ஹீட் மோடில் 20 நிமிடம் ஓட்டி வாயில் அளந்தால் 38 முதல் 45 டிகிரி வர வேண்டும். வந்தால் யூனிட் நல்லதுதான். சூடான காற்று மேலே போய்த் தங்குகிறது. கணுக்கால் உயரத்தில் ஒரு தெர்மாமீட்டர், உட்கார்ந்தால் தலை வரும் உயரத்தில் ஒன்று வையுங்கள். 3 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உடம்பு அதைக் குளிராகவே உணரும். ரிமோட்டை 28-க்கு ஏற்றினால் சீலிங்தான் சூடாகும்.

லூவரை (காற்றின் திசையைத் திருப்பும் தகடு) நேர் கீழே திருப்பி, ஃபேனை அதிக வேகத்துக்கு வையுங்கள். வெளிக்கதவு அடியில் டிஷ்யூ பறந்தால் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். சீலிங் ஃபேன் இருந்தால் திசையை மாற்றி மிக மெதுவாகச் சுற்றவிடலாம். டைல் தரையில் விரிப்பு போடுங்கள். வடக்குச் சன்னல் திரையைக் காலை பத்து மணிக்கு விலக்கி, நான்கு மணிக்குத் தடித்த திரையால் மூடுங்கள். புதிதாக மாட்டுகிறவர்கள், வீட்டில் சூடாக்குவதே முக்கிய வேலை என்றால், தரையோடு நிற்கும் கன்சோல் வகையைக் கேளுங்கள்.

இடையிடையே சூடு நின்று அவுட்டோர் யூனிட்டில் ஆவி கிளம்புவது கோளாறில்லை, படிந்த பனியை உருக்குகிறது. ஐந்து பத்து நிமிடத்தில் திரும்பிவிடும். ஆனால் லெனேசியாவின் வறண்ட காற்றில் அரை மணிக்கு ஒருமுறை இப்படி நின்றால் அவுட்டோர் காயில் அடைத்திருக்கிறது அல்லது காஸ் கசிகிறது.

குளிர்காலத்தில் சுவரில் பூஞ்சணம்

தெற்குச் சுவரின் மூலையும் அலமாரிக்குப் பின்புறமும் முதலில் கறுக்கும். அந்தச் சுவருக்கு வெயிலே கிடையாது. அறை 18 டிகிரி, 70 சதவீத ஈரம் என்றால் 12 டிகிரி உள்ள எந்தப் பரப்பிலும் நீர் கட்டும். ஒற்றைச் செங்கல் மூலை அந்தக் குளிருக்கு எளிதாக வந்துவிடும். அலமாரியைச் சுவரிலிருந்து 5 செ.மீ. நகர்த்துங்கள். காலையில் பத்து நிமிடம் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து மூடுங்கள். சுவரில் பெயின்ட் மட்டும் அடித்தால் அடுத்த ஆடியில் திரும்ப வரும்.

இந்த ஈரத்துக்குப் பெரிய காரணம் புகைபோக்கி இல்லாத காஸ் ஹீட்டரும் பாரஃபின் (மண்ணெண்ணெய்) ஹீட்டரும். ஒரு கிலோ எல்.பி. காஸ் எரிந்தால் 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் சேர்கிறது. அதைவிடப் பெரிய பயம் கார்பன் மோனாக்சைடு. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அப்படிப்பட்ட ஹீட்டர் எரியும்போது சன்னல் ஒரு கை அகலம் திறந்திருக்க வேண்டும், தூங்கப் போகும் முன் அணைத்தே ஆக வேண்டும். கரி அடுப்பை எந்த நிலையிலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். தலைவலி, குமட்டல், குழந்தை சோர்ந்து விழுவது தெரிந்தால் எல்லாரையும் உடனே வெளியே கூட்டிவந்து ஆம்புலன்ஸ் அழையுங்கள்.

"எர்த் லீக்கேஜ் விழுந்துகிட்டே இருக்கு"

மின்சாரம் எங்காவது கசிந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்தான் எர்த் லீக்கேஜ். ஏ.சி.யின் ஐசொலேட்டரை அணைத்துவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சுகள் உள்ள டி.பி. போர்டில் அந்தச் சுவிட்சைத் தூக்குங்கள். அப்போதும் விழுந்தால் ஏ.சி. காரணமில்லை, கீசர் எலிமென்டைப் பாருங்கள். ஏ.சி. போட்டதும் விழுந்தால் எப்போது என்று குறித்துக்கொள்ளுங்கள். மழை நாளில் மட்டும் என்றால் அவுட்டோர் யூனிட்டின் வயர் பெட்டிக்குள் தண்ணீர் போகிறது. எந்த நாளும் உடனடியாக என்றால் கம்ப்ரஸரின் உள்வயர் பழுதாக இருக்கலாம். பல்லியும் எறும்பும் மின்பலகைக்குள் போய்க் கருகுவது டர்பன் பக்கம் சாதாரணம். வயர் நுழையும் துளைகளை அடைத்து வையுங்கள். மூடியை நீங்கள் திறக்க வேண்டாம், மின்சாரத்தை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கும். இந்தத் தகவலோடு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் அவர் வேலை பாதியாகும். புது லைன் போட்டால், வேலை விதிப்படி இருக்கிறது என்று சொல்லும் சி.ஓ.சி. சான்றிதழ் கேட்டு வாங்குங்கள்.

லோட்ஷெடிங் (மின்வெட்டு) நேரத்தில் ஏ.சி.யை ஐசொலேட்டரில் அணைத்து வையுங்கள். மின்சாரம் வந்த கணத்தில் வோல்டேஜ் எகிறும். பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். பழைய ஒரே வேக யூனிட் ஓடும்போது 5 ஆம்ப் எடுத்தால் கிளம்பும்போது 20 முதல் 30 ஆம்ப் கேட்கும். பேட்டரியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் தரும் 5 கிலோவாட் இன்வர்ட்டர் தருவது ஏறத்தாழ 22 ஆம்ப். பேட்டரியில் ஓட்ட நினைத்தால், மெதுவாகக் கிளம்பும் இன்வர்ட்டர் ஏ.சி. மட்டுமே பொருந்தும்.

"கரண்ட் பில் ஏறிப்போச்சு"

ஏ.சி.யைக் குற்றம் சொல்லும் முன் கீசரைக் கணக்கிடுங்கள். 150 லிட்டர் தண்ணீரை 18-லிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 7.3 யூனிட் மின்சாரம். நல்ல சீலிங் உள்ள அறையில் 9,000 பி.டி.யூ. இன்வர்ட்டர் எட்டு மணி நேரம் சராசரி அரைக் கிலோவாட்டில் ஓடினாலும் 4 யூனிட்தான். குளிர்காலத்தில் 2 கிலோவாட் ஆயில் ஹீட்டர் தரும் அதே சூட்டை ஏ.சி. ஹீட் மோடில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் தரும்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் சரியாகவில்லை

இப்போது காஸ். காப்பர் பைப் இணையும் நட்டுகளில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கசிவு அங்கேதான், நட்டை அளவுக் கருவி இல்லாமல் கைப்பலத்தால் முறுக்கியதால் வருவது. 1/4 அங்குல நட்டுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், 3/8 அங்குலத்துக்கு 34 முதல் 42. அதற்கு மேல் முறுக்கினால் காப்பர் விளிம்பு வெடிக்கும்.

வருகிறவர், காஸ் வேலை செய்பவர்களைப் பதிவுசெய்யும் எஸ்.ஏ.க்யூ.சி.சி. காஸ் அமைப்பில் பதிவுபெற்றவரா என்று கேளுங்கள். புது யூனிட்கள் பலவற்றில் இருக்கும் ஆர்-32 கொஞ்சம் தீப்பிடிக்கக்கூடிய காஸ், தெரியாத கையில் கொடுக்கக்கூடாது. கசிவை அடைத்த பிறகு நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வாக்குவம் பம்ப் போட்டு உள்ளழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கி, பம்பை மூடி அந்த அளவு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, யூனிட்டின் பக்கவாட்டு லேபிளில் எழுதிய கிராம் கணக்கில் தராசில் நிறுத்துக் காஸ் ஏற்ற வேண்டும். பைப் வழக்கத்தைவிட நீளமென்றால் மீட்டருக்கு எத்தனை கிராம் கூடுதல் என்று மேனுவலில் இருக்கும். தராசு கொண்டுவராமல், மீட்டர் முள்ளைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் போடலாம்" என்றால், வேலையைத் தொடங்கும் முன்பே வேறு ஆளைக் கூப்பிடுங்கள். முடித்த பிறகு அவர் கிளம்பும் முன், முதலில் எடுத்த அதே இரண்டு தெர்மாமீட்டர் அளவை அவர் எதிரிலேயே எடுத்து, தேதியோடு ஒரு சீட்டில் எழுதி யூனிட்டின் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.